சிரெத் கரையில் ஒரு மாப்பிள்ளை

எங்கள் வம்சத்தில் அதுவரை யாரும் சமவெளியில் புதைக்கப்பட்டதில்லை. மரம் சாய்ந்து செத்தவர்கள் உண்டு. பிஸ்த்ரித்சா ஆற்றுப் பாறைகளில் தெப்பம் உடைந்து செத்தவர்கள் உண்டு. என் தாத்தாவின் அண்ணனைக் கரடி அடித்தது. எப்படிச் செத்தாலும் எல்லாரும் வந்து படுத்த இடம் ஒன்றுதான், எங்கள் மலையூரான பார்னாருவில் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சரிவு. என் தம்பி நிஸ்தோரின் மகன் பிந்திலியே மட்டும் அங்கே இல்லை. அதைப் பற்றி ஊரில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் யாரும் அன்றைக்கு அங்கே இல்லை. நான் இருந்தேன்.

மலையில் வெட்டிய தேவதாரு மரத்தைக் கலாத்ஸ் துறைமுகத்தில் சேர்ப்பது எங்கள் தொழில். மேலே அணையைத் திறந்துவிட்டால் தண்ணீர் இரைந்துகொண்டு வரும். அதன் முதுகில் சின்னத் தெப்பங்களை ஏற்றுவோம். அடிவாரத்தில் அவற்றைச் சேர்த்து, நெருப்பில் வாட்டி முறுக்கிய இளங்கொம்புகளால் கட்டி, ஒரு வீட்டு முற்றம் போலப் பெரிதாக்குவோம். ஆணி கிடையாது, கயிறு கிடையாது. அதற்குப் பிறகு சிரெத் ஆறு. அது ஓடுகிற ஆறில்லை, தவழ்கிற ஆறு. மணல்திட்டில் தெப்பம் ஏறிக்கொண்டால் இறங்கித் தோளால் தள்ளவேண்டும். நிழல் கிடையாது. கரை நெடுக ஆற்றுப்பாலை மரங்கள், மரத்துக்கு மரம் கொசு.

இரண்டு போர்களுக்கும் நடுவில் ஒரு ஜூலை மாதம் அது. தெப்பத்தில் நாலு பேர். பின்துடுப்பு என்னுடையது. முன்துடுப்பில் பிந்திலியே, எங்கள் வீட்டின் ஒரே ஆண்பிள்ளை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. நடுவில் நிஸ்தோரும், பக்கத்து வீட்டு ஹர்லாமும். ஹர்லாம் நல்ல உழைப்பாளிதான், ஆனால் அவன் வாய்க்கு ஓய்வு கிடையாது.

அறுவடை முடிந்ததும் பிந்திலியேவுக்குக் கல்யாணம் செய்துவிடலாம் என்று நான் ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருந்தேன். நல்ல குடும்பம், நல்ல மேய்ச்சல் நிலம். அவன் அம்மா கசாந்த்ரா கல்யாணச் சட்டைக்கு நூல் நூற்று முடித்துவிட்டாள். அவன்தான் இன்னொரு தெப்பம் போய் வருகிறேன், இன்னொரு தெப்பம் போய் வருகிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தான்.

சமவெளியில் இறங்கியதும் அவனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது.

"பெரியப்பா, குளிருது."

"வெயில்ல மரப்பட்டை வெடிக்குது. உனக்குக் குளிருதா?"

"கல்யாணக் குளிரு அது," என்றான் ஹர்லாம். "பொண்ணு பாத்துட்டாங்கன்னு தெரிஞ்சதும் எனக்கும் இப்படித்தான் பல்லு தந்தியடிச்சுது."

பிந்திலியே சிரித்தான். சாயங்காலம் துடுப்பைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டான். எங்களிடம் இருந்தது பிளம் சாராயமும் பூண்டும்தான். இரண்டையும் கொடுத்தோம். நிஸ்தோர் தன் ஆட்டுத்தோல் அங்கியைப் போர்த்தினான், நான் என்னுடையதைப் போர்த்தினேன். அதற்குள்ளே அவன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மக்காச்சோளக் களி கிண்டி, நூலால் அறுத்து, ஆட்டுப் பாலாடைக்கட்டி வைத்துக் கொடுத்தால் வாயில் வைத்துவிட்டுத் துப்பினான்.

அடுத்த நாள் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது.

"லுன்காசேகாவுல தெப்பத்தைக் கட்டுங்க பெரியப்பா," என்றான்.

"அங்க என்ன இருக்கு? மீன் நாத்தந்தான் இருக்கு."

"கட்டுங்க."

"கட்டுவோம்டா. எப்பவும் அங்கதானே கட்டுறோம்."

அந்த ஊரின் ஆற்றுப்பாலை வரிசை கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் அவன் கண் மேலே செருகியது. நிஸ்தோர் மெழுகுவத்தியைப் பையிலிருந்து எடுத்தான். சாகிறவன் கையில் வெளிச்சம் இல்லாமல் போனால் இருட்டிலேயே கிடப்பான். ஆற்றில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஹர்லாமும் நானும் அங்கிகளை விரித்துப் பிடித்துச் சுவர் மாதிரி நின்றோம். துடுப்புகளைப் பிடிக்க ஆளில்லை. தெப்பம் தன் போக்கில் சுழன்றது. சுழலச் சுழலக் காற்று வேறு வேறு பக்கத்திலிருந்து வந்தது, நாங்களும் அதோடு சுற்றிச் சுற்றி நின்றோம். நிஸ்தோர் மகனின் விரல்களை மெழுகுவத்தியைச் சுற்றி மடக்கி, தன் கைக்குள் வைத்துக்கொண்டான். உருகிய மெழுகு இரண்டு பேர் கையிலும் வழிந்தது. சுடர் அணையவில்லை. அதற்கு முன்னால் அவன் அணைந்துவிட்டான்.

நிஸ்தோர் அழவில்லை. "வீட்டுக்குக் கொண்டுபோவோம் அண்ணே," என்றான்.

"எப்படிடா கொண்டுபோறது?"

"வண்டி பிடிப்போம்."

"இந்த வெயில்லயா? பாதி வழியில உன் பிள்ளையை வேலி ஓரமா இறக்கிவிடச் சொல்வான் வண்டிக்காரன். அந்த அசிங்கம் வேணுமா?"

"தெப்பத்தைத் திருப்பினா…" என்று தொடங்கினான். தண்ணீரைப் பார்த்தான். தெப்பம் எதிர்நீரில் ஏறாது. தெப்பத்திலேயே வளர்ந்தவன், அது அவனுக்குத் தெரியும்.

லுன்காசேகா துறையில் சவேத்தா என்று ஒருத்தி மீன் சாறு காய்ச்சி விற்பாள். தோணிக்காரன் ஒருவனின் விதவை. முப்பது வயதைத் தாண்டியவள். விதவைக்குரிய கறுப்பு முக்காடு, முழங்கை வரை மீன் செதில். தெப்பக்காரர்கள் அவளிடம் குடித்துவிட்டுச் சத்தமாகச் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். நான் அவளிடம் சாறு கேட்டதைத் தவிர வேறு பேசியதில்லை. நாங்கள் பிந்திலியேவைத் தூக்கிக்கொண்டு கரையேறியபோது அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.  பிறகு, "உள்ள கொண்டாங்க," என்றாள். அவள் வீடு ஒற்றை அறை. மேசையைத் துடைத்து, வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கழுவி உடுத்துகிற வேலையை நிஸ்தோரும் நானும் செய்தோம். அந்த நேரமெல்லாம் அவள் வெளியே அடுப்புப் பக்கம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பாதிரியார் வந்து பார்த்தார். "வெயில் தாங்காது. நாளைக்கு மதியம் பூசை முடிஞ்சதும் எடுத்துடணும்," என்றார். ஊர்த் தச்சன் பெட்டி செய்யத் தொடங்கினான்.

கல்யாணம் ஆகாமல் சாகிறவனை நாங்கள் மாப்பிள்ளையாகத்தான் அடக்கம் செய்வோம். தொப்பியில் பூ, விரலில் மெழுகு மோதிரம், தலைமாட்டில் நுனி வெட்டாத பச்சைத் தேவதாரு, பெட்டிக்குப் பின்னால் மணப்பெண்ணாக வெள்ளை உடுத்திய ஒரு கன்னிப்பெண். இதெல்லாம் இல்லாமல் மண்ணில் போட்டால் அவன் தன் பங்குக்காக ஏங்கி அலைவான், வீட்டு வாசலுக்கு வந்து கேட்பான். பார்னாருவில் என்றால் ஒரு சொல்லில் எல்லாம் நடந்துவிடும். நான்கு வீட்டிலிருந்து பெண்கள் வருவார்கள். அந்த ஊரில் எங்களை யாருக்குத் தெரியும்?

தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நான் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகியவன் இல்லை. முதல் வீட்டில் ஒருத்தி வாத்துக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண் எட்டிப் பார்த்தது.

"பிணத்துக்கா பொண்ணு கேட்டு வந்திருக்கீங்க?" என்றாள்.

"ஒரு மணி நேரம் பெட்டிக்குப் பின்னால நடந்தா போதும்மா. உங்க ஊர்லயும் உண்டுதானே இந்த வழக்கம்."

"உண்டு. எங்க ஊர்ப் பையன்னா நிறுத்துவோம். நீங்க தண்ணியில வந்து தண்ணியில போறவங்க. நாளைக்கு இவளைப் பாத்து ஊரு என்ன சொல்லும்? தெப்பக்காரன் விதவைன்னு சொல்லும். அப்புறம் எவன் கட்டுவான்? நீங்க கட்டுவீங்களா?"

உள்ளேயிருந்து அவள் புருஷன், "பாவம்டி, பெரிய மனுஷன் மாதிரி இருக்காரு, மரியாதையாப் பேசு," என்றான்.

"மரியாதை வேணும்னா நீ வெள்ளைப் பாவாடை கட்டிக்கிட்டுப் போ."

அடுத்த வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அதற்கடுத்த வீட்டில் சாராயம் கொடுத்தார்கள், பெண் கொடுக்கவில்லை.

துறைக்குத் திரும்பினால் நிஸ்தோர் தெப்பத்தின் மேல் மண்டியிட்டு என்னவோ செய்துகொண்டிருந்தான். ஒரு மரத்தின் நுனியைக் கோடரியால் துளைத்து, அந்தத் துளைகளில் ஆற்றுப்பாலைக் கிளைகளைச் செருகிக்கொண்டிருந்தான். எங்கள் காலடியில் கிடந்ததெல்லாம் தேவதாருதான். எல்லாமே முடி வெட்டி, கிளை கழித்து, பட்டை உரித்த கட்டைகள். ஒரு பச்சை ஊசியிலை கிடையாது. அவன் செருகிய கிளை சாய்ந்தது, மறுபடி செருகினான். கையில் ரத்தம்.

"என்னடா பண்றே?"

"தேவதாரு அண்ணே. இங்க தேவதாரு இல்லைன்னாங்க. இத்தனை இருக்கே நம்மகிட்ட."

"விடுடா. பாக்கிறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்."

"நம்ம வீட்டுச் சாவைப் பாத்து ஒருத்தன் சிரிக்கக் கூடாது. கோடரியைக் குடு."

கொடுத்தான். கிளைகளைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தேன். அவை போவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹர்லாம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "கவ்ரில் அண்ணே, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீங்களே? சவேத்தாவைக் கேட்டுப் பாருங்களேன்."

"மீன் விக்கிறவளையா? விதவையையா? கன்னிப்பொண்ணுடா நிக்கணும்."

"கேட்டுப் பாருங்கன்னேன். வேற ஒண்ணும் சொல்லல."

நான் கேட்கவில்லை. நிஸ்தோர் போய்க் கேட்டான். அடுப்புக்கு முன்னால் அவள் காலடியில் உட்கார்ந்து கேட்டான். ஐம்பது வயது ஆண்பிள்ளை, என் தம்பி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், காதைத் திருப்ப முடியவில்லை.

"அவனுக்குன்னு ஒருத்தி வேணும்மா. வெள்ளை உடுத்திட்டு நடந்தா போதும். அவங்கம்மா கேப்பா, யாரு நின்னான்னு கேப்பா. நான் என்ன சொல்வேன்?"

"வெள்ளை உடுத்த மாட்டேன்," என்றாள் சவேத்தா.

"உன் கால்ல விழறேன்."

"எந்திரிங்க. நீங்க என் கால்ல விழக் கூடாது. எந்திரிங்கன்னு சொல்றேன்ல!" அவள் அவனைத் தோளில் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். "வேற எது வேணாலும் கேளுங்க. வெள்ளை முடியாது."

இதற்கு மேல் அவமானம் எங்கள் குடும்பத்துக்கு வேண்டாம் என்று நான் ஊர்க்கோடிக்குப் போனேன். அங்கே பன்றி மேய்க்கிற ஒருவன் தாய்தகப்பன் இல்லாத தன் அக்காள் மகளை வைத்துக்கொண்டிருந்தான். என் ஆட்டுத்தோல் அங்கியைக் காட்டினேன். என் மனைவி மூன்று குளிர்காலம் உட்கார்ந்து பூவேலை செய்தது. அவன் தடவிப் பார்த்துவிட்டு, "பொண்ணு வருவா," என்றான்.

மறுநாள் மதியம் காற்று நின்றுவிட்டது. சவேத்தாவின் முற்றத்தில் பெட்டியை இரண்டு முக்காலிகள் மேல் வைத்திருந்தோம். பிந்திலியேவின் தொப்பியில் ஊர்ச் சாமந்தி செருகியிருந்தேன், விரலில் மெழுகு மோதிரம். தேவதாருவுக்குப் பதில் பிளம் மரக் கொம்பு ஒன்றை வெட்டித் தந்தார்கள். வாங்கிக்கொண்டோம். ஊரே வேலிக்கு வெளியே வேடிக்கைக்கு நின்றது. வாத்துக்காரியும் நின்றாள். பன்றிக்காரன் அக்காள் மகள் யாருடையதோ வெள்ளைப் பாவாடையில், முகத்திரைக்குள்ளே, பயந்துபோய் நின்றாள். பதினாறு வயது இருக்கும். ஹர்லாம் அவளிடம், "பயப்படாத பாப்பா, அவன் ரொம்ப நல்ல பையன், கடிக்க மாட்டான்," என்று சொல்லிவிட்டு, தானே தேம்பத் தொடங்கிவிட்டான்.

பாதிரியார் தூபத்தை ஆட்டினார். பெட்டியைத் தூக்கக் குனிந்தோம்.

அப்போது சவேத்தா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கறுப்பு உடை. முக்காடு இல்லை. பின்னல் அவிழ்ந்து முடி இடுப்பு வரை கிடந்தது. வந்து பெட்டிக்குப் பின்னால், அந்த வெள்ளைப் பெண்ணுக்கு முன்னால் நின்றாள்.

வேலிப்பக்கம் நின்றவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மலையானாலும் சமவெளியானாலும் பிணத்துக்குப் பின்னால் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நடக்கிற உரிமை மூன்று பேருக்குத்தான். பெற்றவள், கூடப்பிறந்தவள், கட்டினவள். அது அங்கிருந்த வாத்துக்கும் தெரியும்.

"என்ன கோலம் இது?" என்றேன்.

"பாத்தா தெரியலையா?"

"முடியைக் கட்டு. எங்க பையன் பேரைக் கெடுக்காத."

"கட்ட மாட்டேன். ஒரு தடவை இந்தத் தலையை விரிச்சேன், தோணிக்காரனுக்கு. இது ரெண்டாவது. உங்க பையன்தான் எனக்குப் புருஷன். இந்த வாடகைப் பொண்ணுக்குப் பின்னால நான் நடக்க மாட்டேன்."

பாதிரியார் தூபத்தை நிறுத்தினார். "இந்தா சவேத்தா, நான் உங்களுக்கு மணமுடி வச்சுக் கல்யாணம் பண்ணி வைக்கல. கோயிலைப் பொறுத்தவரைக்கும் இவன் கல்யாணம் ஆகாதவன்."

"வைக்கச் சொல்லிக் கேட்டோம் சாமி. பையன் வீட்டுப் பெரியவங்க வரணும்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் தூபக்கலசத்தைக் கீழே வைத்தார்.

நான் அவளைக் கேட்டேன். "எப்பலேர்ந்து?"

"போன வருஷம் பனி உருகி முதல் தெப்பம் வந்துச்சே, அப்பலேர்ந்து."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"உங்ககிட்டயா? அவனும் ஒவ்வொரு தடவையும் சொல்றேன் சொல்றேன்னுதான் போவான். அடுத்த தெப்பத்துல வந்து, 'பெரியப்பா தண்ணி நல்லா இருந்தாத்தான் சிரிப்பாரு, இந்த வருஷம் தண்ணி சரியில்ல'ம்பான். பெரியவங்க சிரிக்கட்டும்னு காத்துக்கிட்டே இருந்தான். போயிட்டான்."

நான் ஹர்லாமைப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமா?"

அவன் மூக்கைத் துடைத்தான். "இந்த ஆத்துல தெரியாதவங்க நீங்க ரெண்டு பேருந்தான் அண்ணே."

நிஸ்தோர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அண்ணே, நீ சொல்லு," என்றான். "நீ சொல்ற மாதிரி செய்றேன். சீக்கிரம் சொல்லு. அவன் முகம் மாறுது."

உண்மைதான். ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது. பார்னாருவில் நான் பார்த்து வைத்த வீட்டை நினைத்தேன். ஊர் என்ன பேசும் என்று நினைத்தேன். வெள்ளை உடுத்தியவள் பின்னால் நடந்தால் அவன் மாசில்லாத மாப்பிள்ளை, எங்கள் வீட்டுப் பிள்ளை, வேலிக்கு வெளியே நிற்பவர்கள் சொல்வதற்கு எதுவும் இருக்காது. பிறகு எதிரே நின்றவளைப் பார்த்தேன். அவள் அழக்கூட இல்லை. உதடு வெளுத்திருந்தது. கறுப்பைக் கழற்றிவிட்டு நாளைக்கே ஒருவனைக் கட்டிக்கொள்ளக் கூடியவள். ஒரு பெண் தன் சொந்த ஊர் பார்க்க, ஒரு பொய்க்காக, இரண்டாம் முறை விதவையாக மாட்டாள்.

நான் முன்னால் போய்ப் பிந்திலியேவின் தொப்பியிலிருந்து சாமந்தியை எடுத்தேன். விரலிலிருந்து மெழுகு மோதிரத்தை உருவினேன்.

நிஸ்தோர் அலறினான். "அண்ணே! தேவதாருதான் இல்ல. பூவுமா இல்ல? என் பிள்ளைக்கு ஒண்ணுமே இல்லாம அனுப்புறியே!"

"கல்யாணம் ஆனவனுக்கு எதுக்குடா மாப்பிள்ளைப் பூ?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் மறுபடி, வேலிக்கு வெளியே கேட்கும்படி சொன்னேன். "எங்க வீட்டு மருமக நிக்கிறா. கூலிக்கு ஆள் வேண்டாம். அந்தப் பாப்பாவைக் கூட்டிட்டுப் போங்க."

பன்றிக்காரன் அங்கியை மார்போடு அணைத்துக்கொண்டு, "இதைத் திருப்பித் தர முடியாது," என்றான். "உன்கிட்ட யாரு கேட்டா?" என்றேன்.

சவேத்தா நடந்தாள். நான் அவள் வலப்பக்கம் நடந்தேன், வீட்டுப் பெரியவன் நடக்க வேண்டிய இடம் அதுதான். கல்லறைக்குப் போகிற வழியில் ஒரு முறை கால் இடறினாள். என் கையை நீட்டினேன். பிடித்துக்கொள்ளவில்லை. பெட்டியை இறக்கும்போதுதான் வாய்விட்டு அழுதாள். அந்தச் சத்தத்தை நான் சொல்லப் போவதில்லை.

தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே தெப்பத்தை எடுக்காவிட்டால் மணலில் உட்கார்ந்துவிடும். நாங்கள் தெப்பத்தைக் கரையிலிருந்து அவிழ்க்கும்போது அவள் மறுபடி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்க வீட்டு மருமக துறையில மீன் விக்கிறது நல்லா இல்ல," என்றேன். "திரும்பி வர்றப்ப ரயில் ஏத்திக் கூட்டிட்டுப் போறேன். மலையில வீடு இருக்கு. மாமியார் இருக்கா."

அவள் விறகை உடைத்துப் போட்டாள். "நான் அங்க வந்துட்டா அவனுக்கு இங்க யாரு மெழுகுவத்தி ஏத்துறது? நீங்களா? வருஷத்துக்கு ரெண்டு தடவை தண்ணி நல்லா இருந்தா வருவீங்க."

என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவள் மருமகள். பேசலாம். தெப்பத்தைத் தள்ளினோம். முன்துடுப்பை நிஸ்தோர் பிடித்தான். 

துக்கம் காக்கிற ஆண் தொப்பி வைப்பதில்லை, மலைக்கு நாங்கள் தொப்பி இல்லாமல் ஏறினோம். மூன்று பேர், மூன்று பேருக்கும் தொப்பி இல்லை. அது போதும், மேல்தெரு வரை செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. நிஸ்தோரின் வாசலில் ஊர்ப் பெண்கள் கூடிவிட்டார்கள். நான் பார்த்து வைத்திருந்த பெண்ணின் தாயும் இருந்தாள். கசாந்த்ரா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குளிர்காய்ச்சல் வந்து பிந்திலியே போய்விட்டான் என்று சொன்னேன்.

"எங்க வச்சீங்க?" என்று கேட்டாள்.

"சிரெத் கரையில. மேட்டு நிலந்தான். தண்ணி வராது."

"தேவதாரு வச்சீங்களா?"

"இல்ல."

நிஸ்தோர் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கசாந்த்ராவின் கை நிலையில் கீழே இறங்கிக்கொண்டே வந்தது.

"ஐயோ, அந்த அத்துவானத்துல என் பிள்ளைக்கு யாரு இருக்கா?"

நான் பெண்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னேன். "அவன் பொண்டாட்டி இருக்கா."

யாரோ ஒருத்தி சிரிக்கப் போனவள் என் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். கசாந்த்ரா என்னையே பார்த்தாள். நான் பொய் சொல்கிறவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளைச் சமாதானப்படுத்த ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னவனும் இல்லை.

"பேரு?"

"சவேத்தா."

அவள் உட்கார்ந்தாள். முக்காட்டை இழுத்து எறிந்து, நரைத்த பின்னலை அவிழ்த்தாள். பிறகு ஒப்பாரி வைத்தாள். மகனை அழைக்கவில்லை. தெற்கே, ஆறு போகிற பக்கம் பார்த்துக் கையை ஓங்கினாள்.

"அடியே சவேத்தா! பிள்ளை குளிருதுன்னு சொன்னானேடி, போத்திவிட்டியாடி? பசிக்குதுன்னு வந்தானேடி, களி கிண்டிப் போட்டியாடி? என்கிட்டருந்து வாங்கிக்கிட்டியே, பத்திரமா வச்சியாடி? அடியே என் மருமகளே, அவனை விட்டுட்டு எங்கடி பராக்குப் பாத்துக்கிட்டு நின்னே?"

திட்டித் திட்டி அழுதாள், சாயங்காலம் வரைக்கும். நான் முற்றத்திலேயே நின்றேன்.